சம்பளம் நிற்கும் முன்னே வீட்டுக் கடன் நிற்க வேண்டும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் சொல். இதன் பொருளைத் தோட்டத் தொழிலாளியைக் காட்டிலும் நன்கறிந்தவர் இந்த நாட்டில் வேறு யாரும் இரார். தலைமுறை தலைமுறையாக நாம் குடியிருந்தது லயத்து வீடு. விடியற்காலை பிரட்டுக்குப் போகிறவனுக்குத்தான் அந்த வீடு. பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தால், வீட்டையும் விட்டு இறங்க வேண்டும்.

என் தகப்பனார் முப்பத்தாறு ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். வீட்டின் முன்னே தம் கையாலேயே தகரத் தாழ்வாரம் இறக்கினார்; பின்புறம் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டார். அவருக்குச் சம்பளம் நின்றது. அடுத்த சில வாரங்களில் வீடும் நின்றது. பெட்டி படுக்கையோடு டவுனில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். சேமநிதியில் வந்த பணத்தில் ஒரு பங்கு வாடகையாகவே கரைந்தது. "நான் நட்ட முருங்கையிலே இப்போது யார் காய் பறிக்கிறார்களோ?" என்று அவர் கடைசி வரை கேட்டுக் கொண்டிருந்தார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம்மவர்களில் பலர், கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்து, பேங்கில் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டியோ வாங்கியோ குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்து, தாய் தகப்பனைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்து தம் வீட்டில் வைத்திருக்கிறார்கள். இது மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும், அந்த வீடு உண்மையில் நமது வீடுதானா? என்றைக்கு அது நமது வீடாகும்? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டுப் பார்த்தோம்?

கணக்கைப் பாருங்கள். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே 2013-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா, வீட்டுக் கடனின் காலம் 35 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று வரையறுத்தது. கடன் வாங்குகிறவருக்கு 70 வயது ஆகும் வரை தவணை நீளப் பல பேங்குகள் இடம் கொடுக்கின்றன. சம்பளம் 60 வயதில் நிற்கிறது. தவணையோ 65 வரைக்கும், 70 வரைக்கும் போகிறது. இடையில் வரும் அந்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு யார் கட்டுவது?

"சேமநிதிப் பணம் வருமே, அதில் அடைத்துவிடலாம்" என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியானால் முதுமைக்கு என்று வைத்த பணம் பேங்குக்குப் போகும். கிழவனும் கிழவியும் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதுவும் போதாமல் தவணை நின்றுவிட்டால், நிலச் சட்டத்தின்படி விற்பனை உத்தரவு பெற்று வீட்டை ஏலத்துக்குக் கொண்டு வரப் பேங்குக்கு உரிமை உண்டு. லயத்திலிருந்து வெளியேறியது போல இன்னொரு முறை, அதுவும் வேலை செய்ய முடியாத வயதில், வெளியேறும் நிலை நமக்கு வேண்டுமா?

ஆகவே என் கருத்து இதுதான்: வீட்டுக் கடன் வாங்கிய ஒவ்வொரு தொழிலாளியும், சம்பளம் நிற்கும் நாளுக்கு முன்பே அந்தக் கடனும் நிற்கும்படி இன்றைக்கே திட்டமிட வேண்டும். அதற்கு வழி, மாதத் தவணைக்கு மேல் ஒரு சிறு தொகையைத் தவறாமல் கூடுதலாகக் கட்டி வருவது. 'அது பணக்காரன் செய்கிற வேலை' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

35 வயதுள்ள ஒருவர் 120,000 வெள்ளி கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 4.25 வட்டி, 30 ஆண்டுக் காலம். மாதத் தவணை சுமார் 590 வெள்ளி. முதல் மாதம் அவர் கட்டும் 590 வெள்ளியில் 425 வெள்ளி வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 165 வெள்ளிதான். இப்படியே பத்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டினால், கட்டிய பணம் 70,000 வெள்ளிக்கு மேல். அசலில் குறைந்ததோ 25,000 வெள்ளிக்கும் குறைவு. முப்பது ஆண்டும் முடியும்போது அவர் கட்டிய வட்டி மட்டும் சுமார் 92,500 வெள்ளி. அப்போது அவருக்கு வயது 65.

அதே மனிதர் முதல் மாதத்திலிருந்தே 100 வெள்ளி கூடுதலாகக் கட்டி வந்தால் என்ன ஆகும்? வட்டி விகிதம் மாறாமல் இருந்தால், கடன் இருபத்திரண்டரை ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஏழு ஆண்டுகளுக்கு மேல் மிச்சம். வட்டியில் சுமார் 25,800 வெள்ளி மிச்சம். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழரை. வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. அந்த இரண்டரை ஆண்டின் தவணைப் பணமும் அவர் பையிலேயே இருக்கும்.

100 வெள்ளிக்கு வழியில்லை, 50 வெள்ளிதான் முடியும் என்றாலும் சோர்ந்து போக வேண்டியதில்லை. 50 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறையும். வட்டியில் சுமார் 15,000 வெள்ளி மிஞ்சும்.

இவ்வளவு சிறிய தொகை இவ்வளவு பெரிய வேலை செய்வது எப்படி? இதில் மாயம் ஒன்றுமில்லை. வட்டி, மீதமுள்ள அசலின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. இன்று அசலில் 100 வெள்ளி குறைந்தால், அந்த 100 வெள்ளிக்கு நாளை முதல் கடைசி நாள் வரை வட்டி இல்லை. ஆகவேதான் தொடக்கத்தில் கட்டுகிற கூடுதல் பணத்துக்கு வலிமை அதிகம். மேலே சொன்ன மனிதர் 'பிள்ளைகள் வளரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று பத்து ஆண்டுகள் கழித்து அதே 100 வெள்ளியைக் கட்டத் தொடங்கினால், அவருக்கு மிஞ்சுவது சுமார் 10,500 வெள்ளியும் நான்கு ஆண்டு சொச்சமும்தான். கடன் முடியும்போது அறுபதைத் தாண்டிவிடுவார்.

நிற்க. கூடுதல் பணம் கட்டினால் மட்டும் போதாது. அது எந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் அனுபவத்தில் கற்றேன். வீடு வாங்கிய புதிதில் இரண்டு ஆண்டுகள், மாதம் 100 வெள்ளி கூடுதலாகக் கட்டி வந்தேன். அசல் நன்றாகக் குறைந்திருக்கும் என்ற மகிழ்ச்சியில் ஒரு நாள் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் கூடுதலாகக் கட்டிய 2,400 வெள்ளி, வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக ஒரு பக்கத்தில் சும்மா இருந்தது. அதனால் அசலில் ஒரு காசும் குறையவில்லை. பேங்குக்குப் போய்க் கேட்டதற்கு, "அசலைக் குறைக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லையே, ஐயா" என்றார் அங்கிருந்த பெண். அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

என்னைப் போல் நீங்களும் ஏமாறாதிருக்கச் சில விஷயங்களைச் சொல்கிறேன். வீட்டுக் கடனில் பொதுவாக மூன்று வகை உண்டு. முதல் வகை சாதாரணத் தவணைக் கடன். இதில் கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டுமானால் பெரும்பாலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது வகையில் கூடுதல் பணம் அசலைக் குறைக்கும். தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. மூன்றாவது வகையில் கடனோடு ஒரு நடப்புக் கணக்கு இணைந்திருக்கும். அதில் கிடக்கும் பணத்துக்கு ஈடான அசலுக்கு வட்டி இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கு மாதந்தோறும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள். உங்கள் கடன் எந்த வகை என்று பேங்கில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அவர்கள் சம்பளத்தில் நம் வட்டியும் இருக்கிறது.

கடனைக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே முழுதும் அடைத்தால் அபராதம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அது பொருந்தும். மாதம் ஐம்பது, நூறு கூடுதலாகக் கட்டுவதற்கும் அது பொருந்துமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பேங்க் நெகாரா வட்டி விகிதத்தைக் குறைக்கும்போது நமது தவணையும் குறையலாம். 2025 ஜூலையில் அந்த விகிதம் நூற்றுக்கு 3.00-இலிருந்து 2.75 ஆகக் குறைக்கப்பட்டது. கால் விகிதம் குறைந்தால், மேலே சொன்ன கடனில் மாதத் தவணை சுமார் 17 வெள்ளி குறையும். அந்த 17 வெள்ளி நமக்குப் பழக்கமான செலவுதான். பழைய தவணையையே தொடர்ந்து கட்டி, வித்தியாசத்தை அசலில் கழிக்கச் சொல்லலாம். சம்பள உயர்வு வரும்போதும் இதே வழியைக் கையாளலாம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. உயர்ந்த 200 வெள்ளியில் பாதி வீட்டுக்குப் போகட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்த குடும்பம் புத்திசாலிக் குடும்பம்.

'இந்தச் சம்பளத்தில் அரிசி பருப்புக்கே தாளம். கூடுதல் தவணைக்கு எங்கே போவது?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூலி போதாது என்பதை நாம் ஒருபோதும் மறுக்கவில்லை. அதற்காகப் போராடுவது சங்கத்தின் கடமை. அந்தப் போராட்டத்தை இந்தக் கட்டுரை எந்த வகையிலும் தளர்த்தவில்லை. ஆயினும் போனஸ் வந்த மாதம், ஓவர்டைம் கூடிய மாதம், நாலு நம்பருக்குக் கட்டும் காசை நிறுத்திய மாதம் என்று ஆண்டில் சில மாதங்களாவது எல்லோருக்கும் உண்டு. அந்த மாதங்களில் கட்டினாலும் அசல் குறையத்தான் செய்யும்.

எல்லோரும் இன்றே கூடுதல் தவணை கட்டத் தொடங்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கிரெடிட் கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வரை வட்டி போகிறது. வட்டிக்கடைக்காரனிடம் பட்ட கடனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நூற்றுக்கு 18 கடனை வைத்துக்கொண்டு நூற்றுக்கு 4 கடனை முன்கூட்டி அடைப்பது, ஓட்டைப் பானையை விட்டுவிட்டு நல்ல பானைக்கு அடைப்பு வைப்பது போலாகும். முதலில் அந்தக் கடன்கள் தீரட்டும். அடுத்து, மூன்று மாதத் தவணைக்காவது போதுமான பணம் கையிருப்பில் இருக்கட்டும். சாதாரணத் தவணைக் கடனில் அசலில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. நோய் நொடி, வேலை இழப்பு என்று வந்தால் கையிருப்புதான் காப்பாற்றும். 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று சலுகை கொடுத்தார்கள். தவணைதான் நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை என்பதைப் பிறகுதான் பலர் உணர்ந்தார்கள்.

சேமநிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக் கடனைக் குறைக்கச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனால் 2020 முதல் 2024 வரை சேமநிதி கொடுத்த லாப ஈவு எந்த ஆண்டிலும் நூற்றுக்கு 5-க்குக் குறையவில்லை; 2024-இல் 6.30 கொடுத்தது. நூற்றுக்கு 6 சம்பாதிக்கும் பணத்தை எடுத்து நூற்றுக்கு 4 கடனை அடைப்பதில் லாபம் என்ன? 'அப்படியானால் கூடுதல் நூறு வெள்ளியையும் சேமநிதியிலேயே போடலாமே?' என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. மாதந்தோறும் தவறாமல் அங்கே போட்டு, இடையில் தொடாமல் இருக்க முடியுமானால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறும். சட்டம் உறுதி செய்வது நூற்றுக்கு 2.5 மட்டுமே. அசலில் கழிந்த நூறு வெள்ளிக்கோ இனி வட்டி இல்லை என்பது உறுதி. எந்த வழியில் போனாலும் இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும்: முதுமைப் பணத்தைக் காலி செய்யாமல், 60 வயதுக்குள் வீடு நம் கைக்கு வர வேண்டும்.

கடைசித் தவணை கட்டிய அன்றே காரியம் முடிந்துவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். கிராண்டில் பேங்கின் பெயரில் உள்ள அடமானப் பதிவு தானாக நீங்காது. அடமான நீக்கப் பத்திரம் தயாராகி, நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். தனிக் கிராண்டு இன்னும் வராத அடுக்குமாடி வீடானால், பேங்குக்கு எழுதிக் கொடுத்த உரிமையைத் திரும்ப எழுதி வாங்க வேண்டும். இவற்றுக்கு வக்கீல் செலவு உண்டு. அதற்கும் ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். கடனோடு சேர்த்து ஒரே தொகையாகக் காப்புறுதி எடுத்திருந்தால், முன்கூட்டி அடைத்ததற்காகத் திரும்பக் கிடைக்கும் பணம் ஏதும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒரு தொழிலாளி தனியாக நின்று செய்வது கடினம். இங்கேதான் சங்கத்தின் உதவி தேவைப்படுகிறது. சிறு தொகைகள் கூடினால் என்ன நடக்கும் என்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிய பாடமன்று. 1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். வேலையும் லயமும் இழந்து நம் மக்கள் தெருவில் நின்றார்கள். அப்போது 1960-இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் கட்டி 100 வெள்ளிப் பங்குகள் வாங்கினார்கள். அந்தப் பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அன்று அந்தப் பணம் கட்டியவர்களின் கூலி என்ன, இன்று நம் கூலி என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது வீட்டுக் கடன் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கத்தினர்கள் கடன் ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டு வரட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லட்டும். இரண்டாவது, 'கூடுதல் பணத்தை அசலில் கழிக்கவும்' என்று பேங்குக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு மாதிரி தயாரித்துக் கிளைகளில் வைக்க வேண்டும். மூன்றாவது, கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் ஒவ்வொரு கணக்குத் தாளிலும் தெளிவாக அச்சிட வேண்டும் என்று பேங்குகளையும் அரசாங்கத்தையும் சங்கம் வற்புறுத்த வேண்டும்.

தோழர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அந்த ஒப்பந்தத்தை வெளியே எடுங்கள். கடைசித் தவணை எந்த ஆண்டு என்று பாருங்கள். அந்த ஆண்டில் உங்களுக்கு என்ன வயதாகும் என்று வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அறுபதைத் தாண்டினால், நாளைக்கே பேங்குக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். இப்போது என் கணக்கில் அசல் மாதந்தோறும் குறைந்து வருகிறது. வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை நட்டிருக்கிறேன். அதில் வேறொருவர் காய் பறிக்கும் நிலை வரக்கூடாது என்பதே என் விருப்பம்.